பிக் டே: பறவை நோக்குவோர் சொல் ஒன்று

நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி மறு நள்ளிரவு வரை, முன்பே வகுத்துக்கொண்ட எல்லைக்குள், ஒரு குழு எத்தனை பறவை இனங்களைக் கண்டோ கேட்டோ அடையாளம் காண்கிறது என்பதே பிக் டே. எண்ணுவது இனத்தை, தலையை அல்ல. ஏரியில் 4,000 வாத்து மிதந்தாலும் எல்லாம் ஒரே இனமென்றால் கணக்கில் 1. புதருக்குள்ளிருந்து ஒரே ஒரு முறை குரல் கொடுத்த கதிர்க்குருவிக்கும் அதே 1.

சொல் அமெரிக்காவில் பிறந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதன் வடகிழக்கு மாநிலங்களில், மே மாத வலசை உச்சத்தில் ஒரே நாளில் 100 இனத்தைத் தொட முயல்வார்கள். அதற்கு ‘செஞ்சுரி ரன்’ என்ற பெயரும் வழங்கியது. நூறு எளிதாகிப் போனபின் அந்தப் பெயர் மங்கி, ‘பிக் டே’ நிலைத்தது. பிரிட்டனில் இதையே ‘பேர்ட் ரேஸ்’ என்பார்கள். 1984-இல் நியூ ஜெர்சியில் தொடங்கிய ‘வேர்ல்டு சீரிஸ் ஆஃப் பேர்டிங்’ இதை முறையான போட்டியாக்கியது. முதல் ஆண்டில் வென்ற குழுவின் எண் 201. வெப்பமண்டலத்தில் கதையே வேறு. 1982-இல் பெரு நாட்டுக் காட்டில் இருவர் வண்டியே இல்லாமல், நடந்தும் படகிலும் 331 இனங்களைப் பதிந்தார்கள். 2015 அக்டோபரில் எக்குவடோரில் நால்வர் குழு 431-ஐ எட்டியது.

‘பிக்’ இங்கே நாளின் சிறப்பைக் குறிப்பதில்லை, பட்டியலின் நீளத்தைக் குறிக்கிறது. தமிழாக்கம் சறுக்கும் இடம் இதுதான். ‘பெருநாள்’ என்றால் நமக்கு நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும்தான். ‘ஒருநாள் போட்டி’ என்றால் கிரிக்கெட். பிரிட்டன் வழக்கைப் பின்பற்றிப் ‘பறவைப் பந்தயம்’ என்று எழுதினால் புறாப் பந்தயத்துக்காரர்கள் வந்து நிற்பார்கள். ‘பறவை வேட்டை’ அறவே கூடாது. 1900-இல் அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கியதே, பண்டிகை நாளில் போட்டிபோட்டுச் சுடும் வழக்கத்துக்கு மாற்றாகத்தான். ‘கணக்கெடுப்பு’ என்றாலோ தலை எண்ணும் வேலை என்று பொருள்படும். பாடநூல்கள் ‘ஸ்பீஷீஸ்’ என்பதற்குச் ‘சிற்றினம்’ என்கின்றன. அது துல்லியமான சொல்தான் என்றாலும், பறவை நோக்குவோர் பேச்சில் ‘இனம்’ என்பதே போதும். ஆகவே ‘முழுநாள் இனத்தேடல்’ பொருத்தமாகப் படுகிறது. ஓர் ஆண்டு முழுதும் இனங்களை எண்ணும் ‘பிக் இயர்’ ஆண்டு இனத்தேடல் ஆகும். 17 அடி விட்டமுள்ள வட்டத்தை விட்டு நகராமல் எண்ணும் ‘பிக் சிட்’ ஓரிட இனத்தேடல் ஆகும். பறவைப் பட்டியல்களைத் திரட்டும் ஈ-பேர்ட் இணையதளம் 2015 முதல் மே மாதத்தில் நடத்தும் ‘குளோபல் பிக் டே’யை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். பத்து நிமிடம் பார்த்துப் பட்டியல் அனுப்பினாலும் அதில் பங்குண்டு. அதை ‘உலகப் பறவை நோக்கு நாள்’ என்று சொல்லிவிடலாம்.

விதிகளில் பலரும் தடுமாறுவது 95 சதவீத விதி. அமெரிக்க பேர்டிங் சங்க முறையில், மொத்த இனங்களில் 95 சதவீதத்தைக் குழுவின் எல்லா உறுப்பினரும் அடையாளம் கண்டிருக்க வேண்டும். 160 இனம் என்றால் 152 எல்லாருக்கும் பொது, 8-க்கு மட்டும் விலக்கு. அந்த 160-இல் எல்லாருக்கும் பொதுவானவை 150 மட்டுமே என்றால் அறிவிக்கக்கூடிய எண் 157-ஐத் தாண்டாது. மீதி 3 இனம் பார்த்தும் பயனில்லை. எனவே ஒருவர் கண்ணில் புதிய பறவை பட்டதும் வண்டியை நிறுத்தி மற்றவர்களுக்கும் காட்டியாக வேண்டும். கருவியின் உதவியின்றிக் கூப்பிட்டால் கேட்கும் தொலைவுக்குள் குழு சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆளுக்கொரு திசையில் பிரிந்து தேடிக் கூட்டுவது ஏற்கப்படாது. பறவை உயிரோடும் கட்டின்றியும் காட்டுயிராகவும் இருக்க வேண்டும்; கூண்டிலிருந்து தப்பிய கிளிக்கு இடமில்லை.

எண் உயர்வதும் சரிவதும் பெரும்பாலும் முந்தைய நாட்களிலேயே முடிவாகிவிடும். எந்த மரத்தில் ஆந்தை அடைகிறது, எந்தச் சேற்றுத் திட்டில் உள்ளான்கள் மேய்கின்றன என்று முன்கூட்டியே பார்த்து, நிறுத்தத்துக்கு இத்தனை நிமிடம் என அட்டவணை எழுத வேண்டும். நள்ளிரவு முதல் விடியும்வரை ஆந்தை, பக்கி, வக்கா, நாணற்காட்டின் நீர்க்கோழி வகைகள் என எல்லாமே காதால்தான். விடியும்போது, எல்லைக்குள் உள்ள வாழிடங்களில் இனச்செறிவு மிகுந்த காட்டில் நிற்க வேண்டும். பட்டியலின் பெரும்பங்கு முதல் சில மணி நேரத்தில் வந்துவிடும். வெயில் ஏறி அனல்காற்று மேலெழும்போது கழுகும் பருந்தும் வட்டமிடும். காட்டுப் பறவைகள் அடங்கும் நண்பகலை நீர்நிலைக்கு வைத்துக்கொள்ளலாம். கடற்கரை வழியில் இருந்தால் அட்டவணையை ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற வற்றத்தை, வைத்துத்தான் கட்ட வேண்டும். முழு ஏற்றத்தில் சேற்றுத்திட்டு மூழ்கிக் கரைப்பறவைகள் வேறெங்கோ ஒதுங்கிவிடும். முழு வற்றத்தில் தொலைநோக்கிக்கும் எட்டாத தூரத்தில் புள்ளிகளாக மேயும்.

கெடுப்பவை இரண்டு. ஒன்று காற்று. குரலை நம்பிய நாளில் பலத்த காற்று வீசினால் விடியல் வேளையே போயிற்று. மற்றொன்று பிடிவாதம். வராத ஒரு பறவைக்காக இருபது நிமிடம் காத்தால், அடுத்த நிறுத்தத்தில் எளிதாகக் கிடைக்கவிருந்த ஐந்தாறு இனம் தவறும். குரலில் ஏமாறுவதும் உண்டு: துடுப்புவால் கரிச்சான் பருந்தினங்களின் குரல் உட்படப் பலவற்றைப் பாவனை செய்யும். எனவே அது திரியும் இடத்தில் ஒற்றைக் குரலை மட்டும் வைத்து அரிய பறவையைப் பட்டியலில் ஏற்றக்கூடாது. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அருகிவரும் இனங்களிடமும் பலர் வந்துபோகும் இடங்களிலும் கூடவே கூடாது. பறவை இரையையும் கூட்டையும் விட்டு வந்து இல்லாத எதிரியைத் தேடும்.

ஒரு மாவட்டத்துக்கோ ஒரே ஏரிக்கோ உள்ளூர்ச் சாதனை என்று அறிவிப்பதானால் மூன்றை எழுத்தில் வைக்க வேண்டும்: எல்லை வரைபடம், நாள், எந்தப் பறவையினப் பெயர்ப்பட்டியலின் எந்த ஆண்டுப் பதிப்பு. கடைசியைத்தான் விட்டுவிடுகிறார்கள். 2024-இல் ‘ரெட்போல்’ என்ற சிறு குருவி வகையின் மூன்று இனங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. மூன்றையும் பார்த்தவரின் பட்டியலில் அன்றே 2 குறைந்தது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே பதிப்புக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். 24 மணி நேரத்துக்கும் ஒரே பட்டியல் எழுதாமல், நிறுத்தத்துக்கு ஒன்றாக, தொடங்கிய நேரமும் கால அளவும் நடந்த தூரமும் சேர்த்து எழுதினால், பின்னால் ஐயம் எழும் இனத்தை மட்டும் நீக்கி மீதி எண்ணைக் காப்பாற்றலாம்.