விளிம்பில் இருக்கிறது விஷயம்

பீங்கான் கப்பிலிருந்து காபியைச் சாசரில் ஊற்றிக் குடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். மெதுவாகச் சரித்தால் காபி சாசரில் விழாது. கப்பின் வெளிச்சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்கி, அடிவரை வழிந்து, வேட்டியில் சொட்டும். அதே காபியை எவர்சில்வர் டம்ளரிலிருந்து டபராவுக்கு ஊற்றும்போது ஒரு துளி தவறுவதில்லை. காரைக்குடிப் பக்கம் ஆச்சிமார்கள் பேச்சை நிறுத்தாமலே, கையைப் பார்க்காமலே ஆற்றுவார்கள். கைப்பழக்கம் பாதிதான், மீதியை டம்ளரின் விளிம்பு பார்த்துக்கொள்கிறது.

இந்த வழிதலுக்கு 'டீபாட் விளைவு' என்று பெயர் வைத்தவர் திரவ ஓட்டத்தை ஆராய்ந்த விஞ்ஞானி மார்க்கஸ் ரெய்னர், ஆண்டு 1956. திரவம் பாத்திரத்தோடு ஒட்டுவதால் வழிகிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். மறு வருஷமே ஜோசப் கெல்லர் என்ற கணிதவியலாளர் காற்றையும் கணக்கில் சேர்த்தார். விளிம்பைச் சுற்றி வளையும் திரவம் அந்த இடத்தில் வேகமெடுக்கிறது. வேகம் கூடும் இடத்தில் திரவத்தின் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் காற்றழுத்தம் அப்படியே இருப்பதால், அது திரவத்தைச் சுவரோடு சேர்த்து அமுக்குகிறது. 2021-ல் வியன்னாவில் இருந்து ஒரு குழு முழுக் கணக்கையும் போட்டுக் காட்டியது. ஊற்றும்போது விளிம்பின் அடிப்பக்கம் எப்போதும் கொஞ்சம் நனைந்தே இருக்கும். வேகமாக ஊற்றினால் அந்த ஈரத்தால் ஒன்றும் செய்ய முடியாது. வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால், அதுவே மொத்தத் தாரையையும் சுவர்ப்பக்கம் திருப்பிவிடும்.

ஆகவே தயங்கித் தயங்கி ஊற்றுகிறவருக்குத்தான் வேட்டி நனைகிறது. டீக்கடை மாஸ்டர் ஒரு கை நீளத்துக்கு இழுத்து ஆற்றுவது வித்தை காட்டுவதற்காக மட்டும் இல்லை.

இப்போது டம்ளரின் வாயைக் கவனியுங்கள். தகடு மெல்லியது, உதடு வெளிப்பக்கம் விரிந்து வளைந்திருக்கும். பீங்கான் கப்பின் விளிம்போ தடித்து, உருண்டு இருக்கும். உருண்ட விளிம்பைச் சுற்றி வளைவது திரவத்துக்குச் சுலபம். மெல்லிய விளிம்பில் அது சட்டென்று பிரிந்து விழும். இன்னொன்றும் உண்டு. டம்ளரைச் சரிக்கும்போது விரிந்த உதடு கீழ்நோக்கி நிற்கிறது. ஒட்டிக்கொண்ட துளி சுவரைத் தொட வேண்டுமானால் உதட்டின் அடிப்பக்கமாக முதலில் மேலே ஏறியாக வேண்டும். அது நடக்கிற காரியமா? உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற நம் பழக்கத்துக்கும் இந்த வடிவம்தான் தோது.

ஆற்றுவதன் பலனையும் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். சூடான காபியிலிருந்து ஒரு கிராம் ஆவியாகிப் போனால் அது ஏறத்தாழ 2,300 ஜூலை எடுத்துக்கொண்டு போகிறது. ஆக, 150 மில்லி காபியில் ஒரே ஒரு கிராம் ஆவியானாலும் சூடு மூன்றரை டிகிரி இறங்கும். தாரையாக இழுக்கும்போது காற்றுப் படும் பரப்பு கூடுவதால் ஆவியாவதும் வேகமாகிறது. சீரில் வந்த வெள்ளி டம்ளரில் காபி குடித்தவர்களுக்கு விரல் சுட்ட கதை இருக்கும். எவர்சில்வரைவிட வெள்ளி 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். எவர்சில்வர் டம்ளரின் உதட்டைப் பிடித்துத் தூக்கலாம், வெள்ளியில் அந்த ஜம்பம் பலிக்காது. அப்போது டபராதான் கதி.

சரி, குடிக்கிற கப் இது. ஜெயிக்கிற கப்?

மாட்டுவண்டிப் பந்தயத்திலும் கபடிப் போட்டியிலும் மேடையில் வரிசையாக நிற்கும் கப்புகளில் பல பிளாஸ்டிக்தான். வெற்றிடப் பெட்டியில் அலுமினியத்தை ஆவியாக்கி மேலே படிய வைத்து, அதன்மீது மஞ்சள் வார்னிஷ் அடித்தால் தங்கம் மாதிரி ஆகிவிடும். பெரிய இடத்துக் கோப்பைகளும் பார்வைக்கு இருக்கிற அளவுக்கு உள்ளே இருப்பதில்லை. 1970 வரை கொடுக்கப்பட்ட பழைய உலகக் கால்பந்துக் கோப்பை, வெள்ளிக்கு மேல் தங்க முலாம். பாய்மரப் படகுப் போட்டிக்கான அமெரிக்கா கோப்பை 1851-லிருந்து கைமாறி வருகிறது. அந்தக் கூஜாவுக்கு அடியே கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது.

முலாம் விஷயத்தில் காரைக்குடிக்குச் சொந்தம் கொண்டாட உரிமை உண்டு. ஊரில் சிக்ரி என்று சொல்லப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உலோகங்களுக்கு மின்சாரத்தால் முலாம் ஏற்றுவது அங்கே ஆராயப்படும் துறைகளில் ஒன்று.

கோப்பையைத் தங்க உப்புக் கரைசலில் மூழ்கவிட்டு, பேட்டரியின் எதிர்முனையோடு இணைப்பார்கள். கரைசலில் இருக்கும் தங்கம் கோப்பையிலிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு அங்கேயே உலோகமாகப் படியும். எவ்வளவு படியும் என்பதை ஃபாரடே விதி கிராம் சுத்தமாகச் சொல்லிவிடும்: வழக்கமான சயனைடு கரைசலில் ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 7.3 கிராம் தங்கம். வெளிப்பரப்பு 1,000 சதுர சென்டிமீட்டர் உள்ள கோப்பைக்கு ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் பூச இரண்டு கிராம்கூட வேண்டாம்.

ஆனால் அந்தத் தங்கம் சமமாகப் படிவதில்லை. விளிம்புக்கும் கைப்பிடி முனைக்கும் எல்லாத் திசையிலிருந்தும் மின்சாரம் வந்து சேர்கிறது. அங்கே பூச்சு தடிக்கிறது. கோப்பையின் உட்புறத்தைச் சுவர்களே மறைத்துக்கொள்கின்றன. வாய் வழியாக வருகிற மின்சாரத்தில் பெரும்பகுதி விளிம்பிலேயே தங்கிவிடும். உள்ளே எட்டிப் பார்த்தால் பல கோப்பைகளில் மங்கலாகத்தான் தெரியும்.

நம் பித்தளைப் பாத்திரங்களில் கதை நேர் எதிர். அங்கே பூச்சு உள்ளேதான். பித்தளையில் புளி பட்டால் களிம்பேறும் என்பதற்காக ஈயம் பூசுவார்கள். பாத்திரத்தை அடுப்பில் நன்றாகக் காய்ச்சி, நவச்சாரம் என்ற உப்பைத் தூவுவார்கள். வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பும், மூக்கில் ஏறும். நவச்சாரம் உலோகத்தின் மேலிருக்கும் அழுக்கை அரித்து எடுத்துவிடும். பிறகு ஈயத்தைத் தேய்த்தால் 232 டிகிரியில் உருகும். துணியால் ஒரு சுழற்று, உட்புறம் முழுக்க வெள்ளியாக மின்னும். (நாம் ஈயம் என்பது இங்கே வெள்ளீயம். காரீயம் நஞ்சு.) மின்சாரம் போகத் தயங்குகிற இடத்துக்குக் கை தாராளமாகப் போகிறது.

மின்சாரத்தையும் உள்ளே போக வைக்க வழி இல்லாமல் இல்லை. கோப்பையையே தொட்டியாக்கி, அதில் கரைசலை ஊற்றி, நடுவில் நேர்முனையைத் தொங்கவிட்டால் உட்சுவரில் முலாம் ஏறும். பழைய பட்டறைகளில் வெள்ளிக் கூஜாக்களின் உட்புறத்துக்கு இப்படித்தான் தங்கம் ஏற்றினார்கள். கரைசல் எட்டாத மூக்குப் பகுதிக்கு மட்டும் தனி வேலை: ஒரு துணியைக் கரைசலில் நனைத்து அந்த இடத்தில் போர்த்தி, நேர்முனையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடிப்பார்கள்.