பிள்ளையை நீங்கள் விசாரிக்க வேண்டாம்

பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானதாகச் சொன்னதன் பின்னர், உளவியலாளரான என்னிடம் அண்மையில் அழைத்து வரப்பட்ட 9 வயதுப் பெண்பிள்ளை ஒன்று, கதிரையில் அமர்ந்து சப்பாத்து நுனியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மிஸ், உங்களுக்குப் பிறகு இன்னும் எத்தினை பேருக்குச் சொல்லோணும்?" என்று கேட்டாள். பிள்ளையை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன். அவளுடைய கேள்வியையும் கீழே வரும் கணக்கையும் மட்டும் மாற்றவில்லை.

அவள் போன பிறகு கோவையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். தாய், அம்மம்மா, செய்தி கேட்டு ஓடிவந்த பெரியம்மா, வகுப்பாசிரியை, அதிபர், அதிபர் துணைக்கு அழைத்த இன்னொரு ஆசிரியை, 'இப்படியான அலுவல்களைப் பக்குவமாகப் பேசக்கூடியவர்' என்று ஊரில் பெயரெடுத்த ஒரு பெரியவர், கனடாவிலிருந்து காணொளி அழைப்பில் வந்த மாமா. அதன் பின்னர்தான் பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவும், வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரியும். நான் பதினோராவது ஆள். இறுதி இருவரும் கேட்டது அவர்களுடைய கடமை. முதல் எட்டுப் பேருக்கும் அந்த வேலையை யார் கொடுத்தது என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலைச் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து, படித்தவர் படியாதவர் என்ற வேறுபாடின்றி, ஒரே நம்பிக்கையை நான் கேட்டு வருகிறேன்: "உண்மையெண்டால் எத்தினை தரம் கேட்டாலும் ஒரே மாதிரித்தானே சொல்லோணும்?" இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பிள்ளையில் அன்பில்லாதவர்கள் அல்லர். எனினும், சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளை நீதிமன்றம் போகுமுன்பே உடைத்துவிடுவதில் இந்த நம்பிக்கைக்கு உள்ள பங்கு, குற்றஞ்செய்தவனின் சட்டத்தரணிக்குக்கூட இல்லை என்றே சொல்வேன்.

எங்கள் வகுப்பறைகளை நினைத்துப் பாருங்கள். ஆசிரியை "ஏழெட்டு எத்தனை?" என்று கேட்கிறார். பிள்ளை "ஐம்பத்தாறு" என்கிறது. ஆசிரியை முகத்தைச் சுருக்கி "எத்தனை?" என்று மீண்டும் கேட்டால், சரியான விடையைச் சொன்ன அந்தப் பிள்ளைகூட உடனே வேறோர் எண்ணைத் தேடும். வளர்ந்தவர் ஒருவர் அதே கேள்வியை இரண்டாந்தரம் கேட்டால் முதற்சொன்னது பிழை என்பதே பிள்ளைக்குத் தெரிந்த விதி. அம்மம்மாவும் அதிபரும் மாமாவும் மாறி மாறிக் கேட்கும்போது பிள்ளை செய்வதும் இதுவே: அவர்கள் எதிர்பார்க்கும் விடை எது என்று முகத்தைப் பார்த்துத் தேடுகிறது. சிறிது கூட்டுகிறது, சிறிது குறைக்கிறது, "ஒருக்காத்தான்" என்கிறது, பிறகு "கன தரம்" என்கிறது. நீங்கள் அதைப் பொய் என்கிறீர்கள்.

இதனோடு, பெரியவர்கள் கேட்டால் "ஓம்" என்று சொல்லப் பழக்கப்பட்ட பிள்ளைகள் எங்களுடையவர்கள். "அவர்தானே தொட்டவர்? அறைக்குள்ளதானே? கதவையும் பூட்டினவரோ?" என்று விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தால் மூன்று "ஓம்" கிடைக்கும். கதவு பூட்டப்படாமல் இருந்திருக்கலாம். பின்னர் நீதிமன்றில் அந்த ஒரு கதவை வைத்து முழு வாக்குமூலத்தையும் சாய்க்க முடியும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1983இல் தொடங்கிய மக்மார்ட்டின் பாலர் பாடசாலை வழக்கு ஏழு ஆண்டுகள் இழுபட்டு 1990இல் ஒருவருக்கும் தண்டனையின்றி முடிந்ததும், சிறுவர்களைத் தூண்டும் விதத்தில் கேள்வி கேட்கப்பட்டமை அதில் பெரிய பிரச்சினையாக எழுந்ததும் எங்கள் துறையில் எல்லோரும் படிக்கும் பாடம். அங்கே கேட்டவர்கள் இதையே தொழிலாகச் செய்தவர்கள். அவர்களுக்கே சறுக்கிய இடத்தில் குடும்பப் பெரியவர் எம்மாத்திரம்?

திகதி, நேரம் கேட்டுப் பிள்ளையை வருத்துவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப நடந்த ஒன்று பிள்ளையின் நினைவில் தனித்தனி நாட்களாக நிற்பதில்லை. 'வழக்கமாக இப்படித்தான் நடக்கும்' என்ற ஒரே கதையாகத் திரண்டுவிடும். ஒவ்வொரு நாளும் சாப்பிட்ட இடியப்பத்தை நீங்கள் திகதிவாரியாகச் சொல்வீர்களா? நல்லூர்த் திருவிழாவுக்கு முந்தியா பிந்தியா, புலமைப்பரிசில் பரீட்சை நடந்து விட்டதா என்ற அளவில் அதை மெல்ல அணுக ஒரு முறை உண்டு. அதைப் பயிற்சி பெற்றவர் செய்யட்டும்.

கனடா மாமா அந்த அழைப்பைப் பதிவு செய்து குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் இது முதற்றடவையன்று. சிறுவரின் காணொளி வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க 1999இலிருந்து எமது நாட்டின் சட்டத்தில் இடமுண்டு என்பதை எங்கோ கேள்விப்பட்டவர்கள் தங்கள் கைத்தொலைபேசியும் அதற்குள் அடங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அடங்காது. இத்தகைய குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின் கீழ் தானே ஒரு குற்றம். பெயரை மறைத்து ஊரையும் பாடசாலையையும் வகுப்பையும் எழுதும் இணையச் செய்தியாளர்களும் இதைப் படித்தால் நல்லது.

இனி, என்னிடம் வருபவர்களின் வழமையான வேண்டுகோள்: "பிள்ளை சொல்லுறது உண்மையோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ." உளவியலாளரின் மேசைக்குள் பொய் பிடிக்கும் கருவி எதுவும் இல்லை. பிள்ளையின் உளநிலை, அச்சம், நித்திரை, வளர்ச்சி நிலை, தன்னைச் சுற்றி நடப்பதை எவ்வளவு விளங்கிக்கொள்கிறது என்பவற்றை என்னால் மதிப்பிட முடியும். சிகிச்சை அளிக்க முடியும். நீதிமன்றம் கேட்டால் அறிக்கை தர முடியும். தீர்ப்பு நீதிபதியினுடையது. இரண்டு நாள் செயலமர்வுச் சான்றிதழோடு, பிள்ளை கறுப்பு நிறத்தில் வீடு வரைந்ததைப் பார்த்து முடிவு சொல்பவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை போதாது. கறுப்பு நிறக் கட்டி மட்டுந்தான் பெட்டியில் மிஞ்சியிருந்திருக்கலாம்.

"அழவே இல்லை, பிறகெப்படி?" என்கிறார்கள். சில பிள்ளைகள் அழும். சில கல்லைப் போலச் சொல்லும். சில சொல்லிவிட்டுக் கரம் விளையாடப் போகும். முதலில் சொன்னதைப் பிறகு "நான் சும்மா சொன்னனான்" என்று மறுதலிப்பதும் எமக்குப் புதியதன்று. றோலண்ட் சமிட் என்ற உளமருத்துவர் தாமதமாகச் சொல்வதையும் சொன்னதைத் திரும்பப் பெறுவதையும் 1983இலேயே எழுதிவைத்தார். உழைக்கும் சித்தப்பா விளக்கமறியலில், வீட்டில் அடுப்பு எரியவில்லை, அம்மம்மா பேசுவதில்லை என்றால் எந்தப் பிள்ளைதான் மறுதலிக்காது? அப்படி மறுதலிக்கச் சொல்லி ஒரு பிள்ளையை மிரட்டுவது, 2015இல் வந்து 2023இல் புதிதாக இயற்றப்பட்ட பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். வீட்டுக்குள் பேசி முடிப்பதற்கும் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோவதற்கும் இது வேலிச் சண்டையன்று.

ஆகவே, ஒரு பிள்ளை உங்களிடம் வாயைத் திறந்தால், கேளுங்கள். விசாரிக்காதீர்கள். "சொன்னது நல்லது, உன்னில பிழையில்லை" என்பது போதும். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். அடுத்த மணித்தியாலமே அதை மீற வேண்டியிருக்கும். குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு முன்னே நிறுத்த வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம், கட்டணமில்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார். சம்பவம் அண்மையில் நடந்ததெனில் குளிப்பாட்டாமல், உடுப்பைத் தோய்க்காமல், வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். உடுப்பு கடதாசிப் பையில் போகட்டும், பொலித்தீனில் ஈரம் பிடித்துக் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்குவதற்கு 72 மணித்தியாலங்களே உண்டு. அந்த நேரத்தைக் குடும்பக் கூட்டத்தில் செலவழிக்காதீர்கள். பரிசோதனையில் காயம் எதுவும் இல்லையென்று வந்தாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று அதற்குப் பொருளில்லை. பல பிள்ளைகளில் அப்படித்தான் இருக்கும். ஆண்பிள்ளைகளுக்கும் இவையனைத்தும் பொருந்தும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியிருப்பதே எனக்கு வெட்கமாயிருக்கிறது.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் வந்த வேறொரு கோவையில், அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள் இணைக்கப்பட்டிருந்தது. பிள்ளை முதன்முதலாகச் சொன்ன ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை எழுதியது. திகதி, நேரம், பிள்ளை சொன்ன மூன்று வசனங்கள் அதே பேச்சுமொழியில், எழுத்துப்பிழை திருத்தாமல். கீழே, "நான் கேட்டது: பிறகு என்ன நடந்தது? வேறொன்றும் கேட்கவில்லை" என்று ஒரு வரி. அதற்குக் கீழே 1929ஐ அழைத்த நேரம். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் 25 நிமிடங்கள். அந்தப் பிள்ளை என்னிடம் வந்தபோது நான் நான்காவது ஆள்.