ஈரப் புல்தரையில் பாம்புத்தலைப் பூ

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் வீட்டுப் புல்தரை குளிர்காலம் முழுக்கச் சொதசொதவென்று இருக்கிறது. டியூலிப் நட்டால் அழுகிவிடுகிறது. வேறு எது வரும்?"

ஃப்ரிட்டிலாரியா மெலியாக்ரிஸ் வரும். ஏப்ரலில் தலைகவிழ்ந்து தொங்கும் மணிப்பூ. இதழ்களில் ஊதாவும் வெளுப்புமாகச் சதுரங்கக் கட்டங்கள். மொட்டு பாம்பின் தலையைப் போலிருப்பதால் அங்கே அந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள்.

வெங்காயத்தைப் போல இதுவும் குமிழம்தான். ஆனால் மேலே காய்ந்த தோல் கிடையாது. வறண்ட மண்ணில் சுருங்கிப்போகும். குளிர்கால வெள்ளத்தைத் தாங்கும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், உறங்கும் குமிழத்துக்கு அது கொஞ்சமே தேவை.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் வரவு செலவு. இந்தச் செடி ஆண்டுதோறும் தன் குமிழத்தை முழுதாகச் செலவழித்துவிடுகிறது. புல் இன்னும் சோம்பிக் கிடக்கும்போதே, சேமித்த மாவுச்சத்தை எடுத்து இலையும் பூவும் விடும். பழைய குமிழம் வற்றிக்கொண்டே வர, அதன் நடுவிலேயே புதியது உருவாகும். அதை நிரப்புவது இலைகள் சமைக்கும் சர்க்கரை. புல் உயர்ந்து வெயிலை மறைப்பதற்குள், சில வாரங்களிலேயே அது முடிந்தாக வேண்டும். மே மாதத்தில் புல்வெட்டும் எந்திரத்தை ஓட்டினால் அடுத்த ஆண்டின் முதலீட்டையே வெட்டி எறிந்ததாக ஆகும்.

வில்ட்ஷயரில் கிரிக்லேடு ஊருக்குப் பக்கத்தில், தேம்ஸ் ஓரமாக நார்த் மெடோ என்ற புல்வெளி இருக்கிறது. பிரிட்டனில் காட்டுச்செடியாக வளரும் இப்பூக்களில் பெரும்பகுதி அங்கேதான். ஜூலையில் உலர்தீவனத்துக்குப் புல் அறுப்பு, ஆகஸ்ட் 12 முதல் பிப்ரவரி 12 வரை மேய்ச்சல் என்பது பல நூற்றாண்டு வழக்கம். குமிழத்தின் கணக்கோடு அது அப்படியே பொருந்துகிறது! இதுபோன்ற இடங்களில் பூக்களை ஆண்டு தவறாமல் எண்ணினால்தான் வெள்ளத்தின் விளைவு புரியும். மூன்றாண்டுக்கு மட்டும் தரும் ஆய்வு நிதியில் அது நடக்காது. பொறுமையான ஆய்வுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, நடவுக்கு வருவோம். செப்டம்பர், அக்டோபரில் வாங்கிய கையோடு 10 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். நஞ்சு உள்ளது, குழந்தைகள் கையில் படாமல் வையுங்கள். விதை சிதறும்வரை வெட்டாதீர்கள். அப்புறம் வெட்டிய புல்லை அள்ளிவிடுங்கள். அங்கேயே மட்கினால் மண்ணில் சத்து ஏறி, புல் தடித்துப் பூவை அமுக்கிவிடும்.