இட்டேரிக்கு எந்த டயர்?

ஐப்பசி மழை விட்ட இரண்டாம் நாள். பல்லடத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துக்குப் போகும் இட்டேரியில், அதாவது இரண்டு பக்கமும் வேலி வைத்த மண்தடத்தில், எங்கள் பழைய பொலிரோ மாட்டிக்கொண்டது. பின்சக்கரங்கள் சுற்றின, வண்டி ஓர் அடிகூட நகரவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தேன். டயரில் பட்டன் என்று சொல்லும் ரப்பர் மேடுகளே தெரியவில்லை. கரிசல் மண் காடிகளையெல்லாம் அடைத்து, புதிதாக மெழுகிய திண்ணைபோல வழவழவென்று இருந்தது. ஒரு காடிக்குள் விரலை விட்டுத் தோண்டினேன். மண் விரலில் அப்பிக்கொண்டு, உதறினாலும் விழவில்லை.

தோட்டத்து டிராக்டர் வந்து சங்கிலி கட்டி இழுத்தது. சாளை என்னும் தோட்டத்து வீட்டின் திண்ணையில் காபி குடிக்கும்போது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "வண்டியைத் தூக்கிவிட்டுப் பெரிய டயராகப் போட்டுவிடுங்கள் மாப்பிள்ளை" என்பதே பெரும்பாலோர் தீர்ப்பு. எனக்கு மனம் ஒப்பவில்லை. லிஃப்ட் கிட் போட்டு உயர்த்தினால் வண்டியின் எடைமையம் மேலே போகும். எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சாயும் கோணம் மாறி, ஏற்கெனவே தேய்ந்த மூட்டுகள் இன்னும் தேயும். வயதான வண்டிக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்தேன். தூக்காமல் டயரை மட்டும் மாற்றினால் என்ன கிடைக்கும் என்று அளந்து பார்க்க உட்கார்ந்தேன்.

என் டயரின் அளவு 215/75 ஆர் 15. அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், அதாவது 161 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் ரிம் 15 அங்குலம். எல்லாவற்றையும் கூட்டினால் டயரின் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். இதற்கு அடுத்ததாகப் பலர் ஆசைப்படும் 235/75 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 733. வித்தியாசம் 30 மில்லிமீட்டர். ஆனால் அச்சு சக்கரத்தின் நடுவில்தானே இருக்கிறது? ஆகவே வண்டியின் அடிவயிறு உயர்வது அதில் பாதி, 15 மில்லிமீட்டர். சுண்டுவிரல் தடிமன். அந்த உயரத்துக்குக் கொடுக்கும் விலையோ பெரியது.

சுற்றளவு நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுவதால், அதே எஞ்சின் விசை தரையில் நான்கு சதவீதம் குறைந்த இழுவையாக வந்து சேரும். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இது காலுக்குத் தெரியும். ஸ்பீடோமீட்டர் 80 என்று காட்டும்போது வண்டியின் உண்மையான வேகம் 83-க்கு மேல் இருக்கும். போதாததற்கு, பெரிய டயர் எடையும் கூடியது. சக்கரத்தின் விளிம்பில் கூடும் ஒரு கிலோ, வண்டிக்குள் வைத்த ஒரு கிலோவைப் போன்றதல்ல. அதை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். வேகம் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அது கிட்டத்தட்ட இரண்டு கிலோவாகவே நடந்துகொள்ளும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: உள்ளே இடம் இருக்கிறதா? நின்ற நிலையில் மட்கார்டுக்குள் நான்கு விரல் நுழைகிறது என்று நம்பிவிடக் கூடாது. ஸ்டீயரிங் முழுக்கத் திரும்பி, அதே நேரம் சக்கரம் குழியில் இறங்கி ஸ்பிரிங் அமுங்கும்போதுதான் டயர் எங்காவது உரசும். பழைய வண்டியில் ஸ்பிரிங் தொய்ந்திருப்பதால் இந்த இடம் இன்னும் குறைவு. நான் குளத்துக் களிமண்ணை எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, மட்கார்டின் உட்புறத்திலும் சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தின் ஓரத்திலும் ஒட்டினேன். பிறகு ஒரு முன்சக்கரத்தை வரப்பில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து மெல்ல ஓட்டினேன். இறங்கிப் பார்த்தபோது, இடது முன்சக்கரத்தின் உட்புற உருண்டை அப்பளம்போல நசுங்கியிருந்தது. அளந்தேன்: 12 மில்லிமீட்டர். என் வண்டிக்கு அதுதான் மிச்ச இடம். 235 அகல டயர் பக்கத்துக்கு 10 மில்லிமீட்டரும் மேலே 15 மில்லிமீட்டரும் கேட்கும். அந்தக் களிமண் வில்லையோடு என் ஆசை முடிந்தது. உங்கள் வண்டியில் வேறு கணக்கு வரலாம். ஆனால் உருண்டை ஒட்டாமல் டயர் வாங்காதீர்கள். வண்டி தயாரித்தவரே ஏதாவது ஒரு மாடலில் கொடுத்த அளவுக்குள் நிற்பது சட்டத்துக்கும் நல்லது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது.

உயரத்தைக் கைவிட்டபின் மிஞ்சுவது இரண்டு: பட்டனின் வடிவம், உள்ளே இருக்கும் காற்று. என் கணிப்பில் பிடிமானத்தின் பெரும்பகுதி இவற்றிலேயே இருக்கிறது.

மண் எப்படித் தாங்குகிறது என்பதை 1773-இல் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் தெளிவாகச் சொன்னார். மண் சறுக்காமல் நிற்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் பசை. மற்றொன்று, மேலிருந்து அழுத்தும்போது துகள்களுக்கிடையே உண்டாகும் உராய்வு. கொங்கு நாட்டில் இரண்டுக்கும் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கோடையில் வறண்ட அமராவதி ஆற்று மணலில் பசை கிடையாது, உராய்வு மட்டும்தான். அங்கே முரட்டுப் பட்டன் வைத்த டயர் மணலை அள்ளி அள்ளிப் பின்னால் வீசித் தனக்கே குழி பறிக்கும். கரிசல் நேர்மாறு. அதிலுள்ள களித்துகள் தகடு தகடாக அடுக்கப்பட்டது. தகடுகளுக்கிடையே தண்ணீர் புகுந்ததும் மண் ஊதிப் பெருகும். மேலே ஒரு வழுக்குப் படலம், கீழே ஓரளவு கெட்டியான மண். பட்டன் அந்தப் படலத்தைத் துளைத்துக் கீழே ஊன்ற வேண்டும். ஊன்றிய பட்டன்களுக்கிடையே அடைத்த மண், அடுத்த சுற்றுக்குள் சுழலும் வேகத்தில் தெறித்து வெளியேற வேண்டும். நெருக்கமான காடிகள் கொண்ட நெடுஞ்சாலை டயரில் மண் வெளியேற வழியில்லை. இட்டேரியில் எனக்கு நடந்தது அதுதான்.

அப்படியானால் சேற்றுக்கென்றே செய்த எம்.டி. (மட் டெரெய்ன்) டயர் போடலாமே? தினமும் கரிசல் காட்டுக்குள் போய் வருபவர் தாராளமாகப் போடலாம். ஆனால் என் வண்டி ஓடுவதில் பெரும்பகுதி தார்ச்சாலை. பட்டன்களுக்கிடையே இடைவெளி பெரிதாக இருந்தால் தாரைத் தொடும் ரப்பர் குறையும். மழையில் வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி இறங்கும்போது பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். இரைச்சலும் தேய்மானமும் தனி. ஏ.டி. (ஆல் டெரெய்ன்) என்னும் நடுத்தர வகையில் பட்டன்கள் ஓரளவு பெரியவை. ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கிழித்தாற்போல மெல்லிய கீறல்கள் இருக்கும். ஈரத் தாரில் அந்தக் கீறல்களின் விளிம்புகள் நீர்ப்படலத்தை வழித்துவிட்டுத் தரையைப் பிடிக்கும். செம்மண் தடத்துக்கும் சரளைக்கும் இதுவே போதும். நான் அதே 215/75 அளவில் ஏ.டி. டயர் எடுத்தேன்.

கரிசலில் ஏ.டி. விட்ட குறையை ஓரளவு நிரப்புவது காற்று. ஆட்களோடு வண்டி 2000 கிலோ என்றால் ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ. காற்றழுத்தத்தை அளக்கும் பிஎஸ்ஐ கணக்கில் 35 இருந்தால் டயர் தரையில் பதியும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர், விரித்த கையை விடச் சற்றுப் பெரிது. காற்றை 18-க்கு இறக்கினால் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். பக்கச்சுவரின் விறைப்பு கொஞ்சம் குறைத்துவிடும். ஆனாலும் தடம் நீளவாக்கில் நீண்டு, இன்னும் நிறையப் பட்டன்கள் ஒரே நேரத்தில் மண்ணைப் பிடிக்கும். இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டி புதைந்த மண்ணில் டயர் வண்டி போனதே, அதே கணக்குத்தான். அடுத்த மழைக்கு அதே இட்டேரியில் காற்றை இறக்கிவிட்டு முதல் கியரில் போனேன். வண்டி அசைந்து அசைந்து, நிற்காமல் சாளை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

காற்றைக் குறைத்தால் வண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தாழும் என்பதை மறக்கக் கூடாது. வேகமும் மாட்டு வண்டியை விடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். தார் ஏறுமுன் திரும்பக் காற்று அடித்தே ஆக வேண்டும். தொய்ந்த பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். வேகமாக ஓட்டினால் வெடிக்கும். பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

பக்கச்சுவரைப் பற்றி இன்னொன்று. காங்கேயம் பக்கத்துக் காடுகளில் வெங்கச்சாங்கல் கத்திபோல நிற்கும். பட்டன் பகுதியில் குத்தினால் பஞ்சர் குச்சி வைத்து ஒட்டிவிடலாம்; பக்கச்சுவர் கிழிந்தால் டயரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. காற்று குறைந்திருக்கும்போது அது வெளியே பிதுங்கியிருப்பதால் கல்லும் கிளுவை வேலி முள்ளும் முதலில் கீறுவது அதைத்தான். ஆகவே ஸ்டெப்னியும் அதே அளவில், நல்ல நிலையில் இருக்க வேண்டும். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. என் ஸ்டெப்னியைத் திருப்பிப் பார்த்தேன். பட்டன் ஒரு துளி தேயவில்லை. ஆனால் எண் 1411. ரப்பர் வெயிலில் காய்ந்து, நகத்தால் அழுத்தினால் மயிரிழை வெடிப்புகள் வாய் பிளந்தன. நான்கு டயர் வாங்கப் போன நான் ஐந்தாக வாங்கி வந்தேன்.