தட்டணு குறைந்தும் தட்டணு ஏற்றாதது ஏன்?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மதினிக்குக் காய்ச்சல் வந்து, ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) 12,000 ஆக இறங்கிவிட்டது. டெங்கு என்றெண்ணிப் பப்பாளி இலைச் சாறு கொடுத்திருக்கிறார்கள். பேச்சு குழறவே மந்திரித்துக் கயிறும் கட்டியிருக்கிறார்கள். மதுரை மருத்துவர்களோ தட்டணு ஏற்றாமல் நாள்தோறும் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றினார்களாம். ஏன் என்பது அவர் கேள்வி.

இது டிடிபி (த்ராம்போடிக் த்ராம்போசைட்டோபீனிக் பர்புரா) என்னும் அரிய ரத்த நோய். 1924இல் நியூயார்க் மருத்துவர் எலி மோஷ்கோவிட்ஸ் முதலில் விவரித்தது. இதில் தட்டணு உற்பத்தி குறைவதில்லை. நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தக் கட்டிகளாகத் திரண்டு அவை தீர்ந்துபோகின்றன.

ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் வான் வில்லிபிராண்டு காரணி என்னும் மிக நீண்ட புரத இழையைச் சுரக்கின்றன. வலையிலிருந்து அறுந்த தங்கூசி இழை தேங்கிய நீரில் சுருண்டு கிடக்கும். பாம்பன் பாலத்தடி நீரோட்டத்தில் அதன் ஒரு முனையைப் பிடித்தால் விறைத்து நீளும். இந்தப் புரதமும் அப்படித்தான். குறுகிய குழாயில் ரத்தம் விரைந்து இழுக்கும்போது அது விரிய, தட்டணு ஒட்டும் இடங்கள் வெளிப்படுகின்றன. அதே இழுப்பில், மடிப்புக்குள் மறைந்திருந்த, 1605, 1606ஆம் அமினோ அமிலங்களுக்கு இடைப்பட்ட பிணைப்பும் திறந்துகொள்கிறது. ஆடம்ட்ஸ்13 என்னும் நொதி அந்த ஓரிடத்தில்தான் கத்தரிக்கிறது. ஒட்டவைக்கும் விசையே வெட்டுமிடத்தையும் காட்டிக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பெரியவர்களுக்கு வரும் டிடிபியில் பெரும்பாலும் உடலின் எதிர்ப்பொருளே இந்நொதியை முடக்கிவிடுகிறது. வெட்டப்படாத இழைகளில் தட்டணுக்கள் அப்பிக்கொள்ள, அந்த இடுக்குகளில் மோதும் சிவப்பணுக்கள், வலைக்கண்ணில் சிக்கிய சொறி மீனைப் போலக் கிழிபடுகின்றன. கண்ணாடிச் சில்லில் பூசிய ஒரு சொட்டு ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தாலே தலைக்கவசம் போலச் சிதைந்த அணுக்கள் தெரியும். அதற்குச் செலவு குறைவு. நொதியை அளக்கும் சோதனைதான் எளிதில் கிடைப்பதில்லை. கடலோர மாவட்டங்களுக்கும் அது எட்டும்படி அரசு பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

மூளையின் நுண்குழாய்கள் அடைபட்டதால்தான் பேச்சு குழறியது. கயிறு கட்டிய நேரமெல்லாம் சிகிச்சைக்குரிய நேரம். தட்டணு ஏற்றினால் கட்டிகள் பெருகக்கூடும் என்பதால், உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவு இருந்தாலொழிய அதைத் தவிர்ப்பார்கள். பிளாஸ்மா மாற்றமோ எதிர்ப்பொருளை அகற்றி, கொடையாளரின் நொதியைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சிகிச்சையின்றி ஏறத்தாழ 90 சதவீதத்தினரைக் கொன்ற நோயில், இன்று 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். மீண்டும் வரக்கூடிய நோய் இது. மதினி குணமான பின்னும் நொதியின் அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.