ஹுவிய்யா: "அவன்"லேர்ந்து வந்த அடையாளம்

நவீன அரபு இலக்கியத்துல பெண் எழுத்தாளர்களைப் பத்தி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஹுவிய்யாங்குற வார்த்தை வந்து நிக்கும். ஐடென்டிட்டின்னு அர்த்தம், தமிழ்ல அடையாளம்னு போட்டுட்டு எல்லாரும் அடுத்த வரிக்குப் போயிடுறாங்க. தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா பாதி தான் சரி.

"ஹுவ"ன்னா அவன். குர்ஆன்ல வர்ற "குல் ஹுவல்லாஹு அஹத்" (சொல்வீராக, அவன் அல்லாஹ், ஒருவன்) ஓதுறவங்களுக்குப் பழக்கமான அதே ஹுவ தான். அதுக்குப் பின்னாடி "இய்யா" சேர்ந்தா பண்புப்பெயர் ஆயிடும், நம்ம "மை" விகுதி மாதிரி. நேரா சொன்னா "அவன்மை". ஒரு பொண்ணு என் ஹுவிய்யா என்னன்னு கேக்குறப்போ வார்த்தைக்குள்ளயே ஒரு "அவன்" குந்திக்கிட்டு இருக்கான்.

உடனே ஆணாதிக்கச் சதின்னு தீர்ப்பு எழுதிட வேணாம், கதை வேற. கிரேக்கத் தத்துவ நூல்களை அரபிக்குக் கொண்டு வந்தப்போ ஒரு சிக்கல் வந்துச்சு, கிரேக்கத்துலயும் பாரசீகத்துலயும் ரெண்டு சொல்லைச் சேத்து வைக்குற "இருக்கிறது"ங்குற வினை உண்டு, அரபில நிகழ்காலத்துக்கு அது கிடையாது (நாமளும் "அவர் டாக்டர்"னு தான சொல்றோம், "டாக்டரா இருக்கிறார்"னு எப்பவாச்சும் தான்), அதனால சில மொழிபெயர்ப்பாளர்கள் அந்த இடத்துல "ஹுவ"வைப் போட்டு ஒப்பேத்தி, அதுலேர்ந்து ஹுவிய்யான்னு ஒரு சொல்லையும் செஞ்சாங்க. இதை விளக்கி எழுதி வச்சவர் 950ல இறந்துபோன தத்துவஞானி அல்-ஃபாராபி, புத்தகம் "கிதாபுல் ஹுரூஃப்". அரபில அஃறிணைக்குன்னு தனி இடப்பெயர் இல்ல, "அது"க்கும் ஹுவ தான், இல்லன்னா ஹிய (அவள்). ஆக அவங்க மனசுல இருந்தது "ஒண்ணு அதுவாவே இருக்குறது". அப்புறம் சூஃபிகள் அதை இறைவனோட எட்டாத உள்ளமைக்குச் சொன்னாங்க. வேடிக்கை என்னன்னா "இய்யா" பெண்பால் விகுதி, உள்ள அவன் இருந்தாலும் இலக்கணப்படி ஹுவிய்யா பெண்பால் சொல்.

எனக்கு இதவிடப் பெருசா படுறது வேற விஷயம். நாம தன்மை, முன்னிலை, படர்க்கைன்னு சொல்றதை அரபு இலக்கணம் முதகல்லிம் (பேசுறவர்), முகாதப் (யார்கிட்ட பேசுறோமோ அவர்), காயிப் (இங்க இல்லாதவர்)னு சொல்லுது. காயிப் ஜனாஸா தொழுகைன்னு நம்ம ஊர்லயும் கேள்விப்பட்டிருப்பீங்க, மையித் (இறந்தவர் உடல்) முன்னால இல்லாம இறந்தவருக்காகத் தொழுறது, அதே காயிப் தான். அப்போ ஹுவிய்யாங்குறது இங்க இல்லாத ஆளோட இடப்பெயர்லேர்ந்து செஞ்ச வார்த்தை. போன நூற்றாண்டுல அரபுப் பெண்கள் எழுதினதைப் பாத்தா பெரும்பகுதி இந்த காயிப்லேர்ந்து முதகல்லிமுக்கு நகர்ற வேலை தான்.

ஆரம்பத்துல பேரே காயிப். எகிப்துல மலக் ஹிஃப்னி நாஸிஃப் எழுதினது "பாஹிஸத்துல் பாதியா"ங்குற பேர்ல, பாலைவெளியில தேடுறவள்னு அர்த்தம். ஆயிஷா அப்துர் ரஹ்மான் கட்டுப்பெட்டியான அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு "பின்த் அஷ்-ஷாத்தி", கரையின் மகள், ஆனாங்க. யாரோ ஒருத்தி, ஏதோ ஒரு கரை.

1949ல ஈராக் கவிஞர் நாஸிக் அல்-மலாயிக்காவோட தொகுப்புல "அன"ன்னு ஒரு கவிதை வருது, அனன்னா நான். ராத்திரி கேக்குது நீ யாருன்னு, காத்து கேக்குது, காலம் கேக்குது, கடைசில அவங்க தாத்தே கேக்குது. தாத்துன்னா சுயம், இறைவனோட உள்ளமை, பண்புகளைப் பத்திப் பேசுறப்போ தாத்து சிஃபாத்துன்னு சொல்றோமே அது. இதுல ஹுவிய்யா எங்கயும் இல்ல பாருங்க, அனவும் தாத்தும் தான்.

ஒன்பது வருஷம் கழிச்சு பெய்ரூட்ல லைலா பஅல்பக்கி தன் நாவலுக்கு வச்ச தலைப்பு "அன அஹ்யா", நான் வாழுறேன். அரபில "நீ"க்குக் கூட ஆணுக்கு அன்த, பொண்ணுக்கு அன்தின்னு பால் உண்டு, ஒருமைல பால் காட்டாத ஒரே இடப்பெயர் அன மட்டும் தான், அதைக் கொண்டுபோய் அட்டையிலயே முதல் வார்த்தையா வச்சுட்டாங்க. கதைல வர்ற லீனா வேலைக்குப் போறா, அப்பா சொத்தை வெறுக்குறா, காதலிக்குறா, கடைசில வந்து நிக்குறது அதே வீட்டு வாசல்ல, அந்த முடிவு எனக்கு இன்னமும் உறுத்தும். 1964ல அவங்க சிறுகதைத் தொகுப்பு ஆபாசம்னு பறிமுதல் ஆகி கேஸ் நடந்துச்சு, கோர்ட்டு விடுதலை பண்ணிடுச்சு.

அல்ஜீரியாவோட அஹ்லாம் முஸ்தகானமி பண்ணது நேர் எதிர். 1993ல வந்த "தாகிரத்துல் ஜஸத்" நாவல்ல கதை சொல்ற "நான்" ஒரு ஆண், போர்ல கை போன காலித். ஒரு பொண்ணு ஆணோட அனவை அவ்வளவு சரளமா எழுதினது சிலருக்குப் பொறுக்கல, இதை ஒரு ஆண் கவிஞர் தான் எழுதியிருக்கணும்னு புரளி கிளம்பிச்சு. அதயே ஒரு ஆண் பெண் குரல்ல எழுதியிருந்தா மேதைன்னு பாராட்டியிருப்பாங்க.

இந்த வார்த்தைக்கு இன்னொரு அன்றாட அர்த்தமும் உண்டு, ஐடி கார்டு. லெபனான்ல பேச்சு வழக்குல ஹவிய்யேம்பாங்க. 1975ல தொடங்கின உள்நாட்டுப் போர்ல அந்தக் கார்டுல மதப்பிரிவு அச்சாகி இருந்துச்சு, செக்போஸ்ட்ல கார்டை வாங்கிப் பாத்து இறக்கிச் சுட்டாங்க, "ஹவிய்யேயைப் பாத்துக் கொல்றது"ன்னு அதுக்குத் தனியா ஒரு சொல்வழக்கே ஆயிடுச்சு. லெபனான் எழுத்தாளர் எதெல் அத்னான் "ஸித் மாரி ரோஸ்" நாவல்ல (பிரெஞ்சுல எழுதினது) காட்டுறது அந்தக் காலத்தைத் தான், காது கேக்காத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்குற கிறிஸ்தவ டீச்சரை, பாலஸ்தீனியர் பக்கம் நின்னதுக்காக, கிறிஸ்தவ ஆயுதக்குழுவே பிடிச்சுக் கொல்லுது, அந்தப் பிள்ளைங்க பாக்கப் பாக்க. கார்டு சொன்ன அடையாளமும் அவங்க நின்ன பக்கமும் ஒத்துப்போகல, அது தான் குத்தம்.

சரி, தமிழ்ல என்ன போடுறது? அடையாளம்ங்குற சொல்லுக்குள்ளயே அடுத்தவருக்குக் காட்டுறதுங்குற பொருள் இருக்கு, பெரியாழ்வார் பாட்டுல அனுமன் சீதைகிட்ட ஒவ்வொண்ணா சொல்லிக் கடைசில மோதிரத்தையும் காட்டுற மாதிரி. அதனால கார்டு, மதம், இனம், நாடு வர்ற இடத்துல ஹுவிய்யாவுக்கு அடையாளமே போதும், அச்சா பொருந்தும். நாஸிக்கோ லைலாவோ கேக்குற "நான் யாரு"வுக்கு அது பத்தாது. தன்மை தான் அழகா இருந்திருக்கும், நம்ம இலக்கணத்துல பேசுறவரோட இடமே அது தான், ஆனா அது குணம்ங்குற பொருள்ல ரொம்பப் புழங்கிடுச்சு. தன்னிலைன்னு போடலாம், விமர்சனக் கட்டுரைகள்ல அதுக்கு வேற வேலையும் குடுத்து வச்சிருக்காங்கன்னாலும் கதை, கவிதைல இடிக்காது, சுயம்னாலும் தப்பில்ல. "அஸ்மத்துல் ஹுவிய்யா"ன்னு வந்தா மட்டும் கண்ணை மூடிக்கிட்டு அடையாளச் சிக்கல்னு போட்டுடாம, அந்தப் பத்தில பேசுறது செக்போஸ்ட்டா கண்ணாடியான்னு பாத்துட்டு எழுதுங்க.