பிளாஸ்ட்: மரபணுவுக்குச் சொந்தம் தேடும் கருவி

புதிதாக ஒரு மரபணுவின் எழுத்து வரிசை (A, C, G, T என்ற நான்கு டிஎன்ஏ எழுத்துகளின் வரிசை) கையில் கிடைத்தால், உயிரியலாளர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது அதை பிளாஸ்ட் என்ற கணினிக் கருவியின் தேடல் பெட்டியில் ஒட்டிப் பார்ப்பதுதான். இதுவரை பதிவான வரிசைகளில் எதெல்லாம் இதற்குச் சொந்தம் என்று சற்று நேரத்தில் பட்டியல் வந்துவிடும்.

இப்படித் தேடுவதால் என்ன கிடைக்கும்? 1983-இல், குரங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபணுவும், ரத்தத் தட்டணுக்களில் உள்ள ஒரு வளர்ச்சிக் காரணியும் ஏறக்குறைய ஒரே வரிசை என்று கணினித் தேடலில் தெரியவந்தது. வளரச் சொல்லும் கட்டளையைத்தான் வைரஸ் திருடி வைத்திருந்தது!

ஆனால் தேடுவது லேசான வேலை இல்லை. 1981-இல் வந்த ஸ்மித்-வாட்டர்மேன் முறை ஒவ்வொரு எழுத்தையும் மற்ற ஒவ்வொரு எழுத்தோடும் ஒப்பிடும். 1,000 எழுத்துள்ள மரபணுவை 300 கோடி எழுத்துள்ள மனித மரபுத்தொகுதியில் தேடினால் 3 லட்சம் கோடி ஒப்பீடுகள். துல்லியம் உண்டு, பொறுமையும் வேண்டும்.

1990-இல் ஸ்டீபன் ஆல்ட்சுல், டேவிட் லிப்மன் உள்ளிட்ட ஐவர் வெளியிட்ட பிளாஸ்ட், எல்லா இடத்தையும் பார்ப்பதில்லை. உங்கள் வரிசையைச் சிறு துண்டுகளாக நறுக்கும். டிஎன்ஏ என்றால் வழக்கமாக 11 எழுத்துகள். அந்தத் துண்டு அப்படியே எங்கே இருக்கிறதோ, அங்கே மட்டும் நின்று இரு பக்கமும் நீட்டிப் பார்க்கும். பொருந்தினால் 2 புள்ளி, பொருந்தாவிட்டால் 3 குறைவு என்று வைத்துக்கொள்வோம். 11 எழுத்துக்கு 22. அடுத்த எழுத்து தவறினால் 19. அதற்கடுத்த நான்கும் பொருந்தினால் 27. சரி, இன்னும் போகலாம். உச்சத்திலிருந்து புள்ளி ரொம்பவும் சரிந்தால் அங்கேயே விட்டுவிடும். வேகத்தின் ரகசியம் இதுதான். இதற்கு ஒரு விலையும் உண்டு: 11 எழுத்து தொடர்ந்து பொருந்தாத தூரத்துச் சொந்தம் கண்ணில் படாமலே போகலாம்.

தற்செயலும் குறுக்கே வரும். நான்கே எழுத்துகளால் ஆன 11 எழுத்துத் துண்டுகள் மொத்தம் சுமார் 42 லட்சம்தான். எனவே 300 கோடி எழுத்துகளில் எந்தத் துண்டும் சும்மாவே எழுநூறு தடவை வரக்கூடும். அதனால்தான் ஒவ்வொரு விடையோடும் ஈ-மதிப்பு வருகிறது: இதே புள்ளியோ அதற்கு மேலோ தற்செயலாக எத்தனை முறை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அது. தரவுத்தளம் இரண்டு மடங்கானால், அதே பொருத்தத்துக்கு இந்த மதிப்பும் இரண்டு மடங்காகும். பட்டியலில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நகர்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பெயரையும் கொஞ்சம் சந்தேகிக்கலாம். பிளாஸ்ட் தேடும் தரவுத்தளங்களில் ஒன்றான, 1982-இல் தொடங்கிய ஜென்பேங்க் ஓர் ஆவணக் காப்பகம். வரிசையை அனுப்பியவர் வைத்த பெயர்தான் அங்கே நிற்கும். ஒருவர் தவறாகப் பெயரிட்டால், அடுத்தவர் பிளாஸ்டில் அதைப் பார்த்துத் தன் மரபணுவுக்கும் அதையே வைப்பார். புரதம் என்றால், ஆட்கள் படித்துச் சரிபார்த்த ஸ்விஸ்-புராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் தேடிவிட்டு, அப்புறம் பெரிய தரவுத்தளத்துக்குப் போவது நல்லது.